பறிகொடுத்த கண்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர்களை ஒரு பழக்கம் விடாது. எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்ப்போம். அடுத்து தோள் தையல், கைக்குழி, பக்கத் தையல், கீழ் மடிப்பு. ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, உடம்புத் துணியின் ஷேடும் கைத் துணியின் ஷேடும் ஒத்துப்போகின்றனவா? கண் தயங்கி நிற்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, பீஸைத் திருத்தத்துக்குப் போகிற ஆல்டர் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்போம். ஸ்டிக்கர்களை இடது கை விரல்களிலேயே வரிசையாக ஒட்டி வைத்திருப்போம். சாப்பிட உட்காரும்போது விரல் நுனியில் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் பதினோரு வருடம் செக்கிங் மேசைக்கு முன்னால் நின்றேன். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை. ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். அந்த வேலைதான் எனக்குச் சோறு போட்டது, தம்பியைப் படிக்க வைத்தது. அதைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆனால் என்னிடமிருந்து அது ஒன்றை எடுத்துக்கொண்டது. வெகுநாள் வரை அது போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தாலும் கண் மேசையை விட்டு இறங்காது. கல்யாண மண்டபத்தில் மணப்பெண்ணின் முகத்துக்கு முன்னால் அவள் ரவிக்கையின் கோணல் தையல் தெரியும். அம்மா எதிரில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் சொல்வது காதில் விழாது. முந்தானையில் ஓடிய கிழிசலே கண்ணில் நிற்கும். மனிதர்களும் பீஸ் பீஸாக வந்து போனார்கள். ஒவ்வொருவரிடமும் எங்கே அம்புக்குறி ஒட்டலாம் என்றே கண் தேடியது. நாளெல்லாம் குறை தேடுவதற்குக் கூலி வாங்குகிற கண், கூலி இல்லாத நேரத்திலும் அதையே செய்தது. அந்த நாட்களில் வயிறு நிறைந்துதான் இருந்தது. உள்ளே ஏதோ ஒன்று பட்டினி கிடந்தது.

எங்கள் செக்கிங் ஹாலின் ஜன்னலுக்கு வெளியே, காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு நாட்டுவாதுமைக் கன்று நின்றது. ஆள் உயரம் இருக்கும். ஒரு சித்திரை மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரல் அளவுக் குருவி ஒன்று வந்தது. முதுகு இலைப்பச்சை, உச்சந்தலை துருவின் நிறம், வால் நிமிர்ந்து நின்றது. உடம்புக்குப் பொருந்தாத உரத்த குரல். அகலமான ஓர் இலையின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு அலகால் குத்தியது. பறந்து போனது, திரும்பி வந்தபோது அலகில் வெள்ளையாக ஒரு பிசிறு. எங்கள் கட்டிங் வேஸ்ட் மூட்டையிலிருந்து எடுத்த பஞ்சிழை.

நான் சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்து நின்றுவிட்டேன். குத்திய துளை வழியாக இழையை நுழைத்து, இலையின் மறு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்தது. முடிச்சு எதுவும் போடவில்லை. துளைக்கு வெளியே வந்த இழையின் நுனி பஞ்சாக விரிந்துகொண்டது. அந்த விரிவே நூல் உருவிக்கொள்ளாமல் பிடித்து நின்றது. இலையைக் கிளையிலிருந்து பறிக்கவும் இல்லை. காம்பில் உயிரோடு, பச்சையாகவே இருந்த இலை மூன்று நாளில் ஒரு பையாக மாறியது.

என் கண் முதலில் தன் வேலையைத்தான் பார்த்தது. தையல் சீராக இல்லை. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி ஒன்றுபோல் இல்லை. எங்கள் மேசைக்கு வந்திருந்தால் மூன்று அம்புக்குறியாவது விழுந்திருக்கும். அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் கோடை மழை கொட்டியது. சுவரோரத் தகரம் ஒன்றைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். இலைப்பை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தையல்கூட விடவில்லை. பல வருடங்களில் முதல்முறையாக, எதையும் தேடாமல் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை. வாட்ச்மேன் ஐயாவைக் கேட்டால், “ஏதோ சிட்டுங்க கண்ணு” என்றார். பெயரைத் தேடித்தான் முதன்முதலாக எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குள் போனேன். அதுவரை அந்தக் கட்டடம் நான் பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஒரு சுவர், அவ்வளவுதான். ஒரு பறவைப் புத்தகத்தில் அந்தத் துருத்தலைக் குருவி இருந்தது. தையல்சிட்டு. கூட்டைத் தைப்பது பெரும்பாலும் பெட்டைதான் என்றும் எழுதியிருந்தது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். டைலர் அக்காமார் நிறைந்த ஊரில், எங்கள் ஜன்னலுக்கு வெளியிலும் ஒருத்தி தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிற்பாடுதான் தெரிந்தது, அந்த நூலகத்துக்குள் நான் விருந்தாளியாகப் போகவில்லை என்று. சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. லைன் வீட்டுக்கு நாங்கள் கொடுக்கிற வாடகைக்குள்ளும் அந்தப் பைசா மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எத்தனையோ வருடமாகப் பணம் கட்டிவிட்டு, பொருளை வாங்கிக்கொள்ளாமல் இருந்திருக்கிறோம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதைச் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகவியலின் விதிகளில் ஒன்றாகவே வகுத்து வைத்தார். அந்தப் பறவைப் புத்தகம் வேலம்பாளையத்து அலமாரியில் எத்தனை வருடம் ஒரு செக்கிங் பெண்ணுக்காகக் காத்திருந்ததோ!

அங்கிருந்து ஒன்று மற்றொன்றைக் கைபிடித்துக் கூட்டி வந்தது. மா.கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ வந்தது. அதைத் தொகுத்த சு.தியடோர் பாஸ்கரன் எங்கள் மாவட்டத்துத் தாராபுரத்தில் பிறந்தவர் என்று தெரிந்தபோது சொந்தக்காரர் வீட்டு விலாசம் கிடைத்ததுபோல் இருந்தது. சுற்றுச்சூழல் பற்றிப் பேசத் தமிழிலேயே சொற்கள் இருக்கின்றன, பறவைக்கும் விலங்குக்கும் மரத்துக்கும் நம் மக்கள் வைத்த பெயர்களை இழந்துவிடக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்ப எழுதியவர். பெயர் தெரியாதவரை எல்லாமே ‘ஏதோ சிட்டு’தான். பெயர் வந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனி முகத்தோடு வந்து நின்றது. வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவே நான் நடந்த ஒன்றரை கிலோமீட்டரில் கரிச்சானும் செண்பகமும் தேன்சிட்டும் மீன்கொத்தியும் இருந்தன. காலி மனையில் ஒற்றை வெள்வேல மரம் நின்றது. வேலம்பாளையம் என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயருக்குள் ஒரு வேலமரம் நிற்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

கவிதைக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். சங்கக் கவிதை படித்தவர்களுக்கு உரியது, நமக்கு எட்டாது என்றே நினைத்திருந்தேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகச் சொல்கிறார் என்று படித்ததும் ஆசை வந்தது. நம் கண்ணுக்கு எத்தனை தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். பதினாறில் நின்றுவிட்டது. சங்கப் புலவர்களின் பெயர்ப் பட்டியலில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் இருக்கிறார். அறுவை என்றால் துணி. துணி வியாபாரி ஒருவர் தன் தொழிலைப் பெயரோடு சேர்த்துக்கொண்டு காட்டையும் மலையையும் பாடியிருக்கிறார். கூல வாணிகரும் பொற்கொல்லரும் மருத்துவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பாட்டு ஓய்வுள்ளவர்களின் சொத்து என்ற எண்ணம் அன்றோடு என்னை விட்டுப் போனது.

*

வேலம்பாளையத்திலிருந்து திருமுருகன்பூண்டி பக்கம். அந்தக் கோயிலின் கதை எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குத் தெரியும். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பொருளுமாகச் சுந்தரர் திரும்பி வருகிறார். பூண்டி அருகே வேடர்கள் வழிமறித்து அத்தனையையும் பறித்துக்கொள்கிறார்கள். சிவனே தன் பூதகணங்களை வேட வடிவில் அனுப்பினான் என்பது கதை. சுந்தரர் கோயில் வாசலுக்குப் போய், இப்படி வழிப்பறி நடக்கிற ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று இறைவனையே கேட்டுப் பதிகம் பாடுகிறார். பறிபோன பொருளெல்லாம் திரும்பி வந்து வாசலில் குவிகிறது. பக்கத்து அவிநாசியில் இதைவிடப் பெரிய கதை. சில வருடங்களுக்கு முன் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்கிறார். பிள்ளை போன வயதில் வரவில்லை. இடைப்பட்ட வருடங்களின் வளர்ச்சியோடு கரையேறுகிறான்.

சின்ன வயதில் இதை அற்புதக் கதையாகக் கேட்டேன். இப்போது என் அனுபவமாகவே கேட்கிறேன். பறிகொடுத்ததும் விழுங்கப்பட்டதும் பாட்டால் திரும்பி வரும் என்று நம்பிய நிலம் இது. என்னிடமிருந்து போனது கண். அது ஒரு குருவியின் அலகு வழியாகவும் சில புத்தகங்களின் வழியாகவும் திரும்பி வந்தது. அவிநாசிப் பிள்ளையைப்போலவே, போன வயதில் வரவில்லை, வளர்ந்து வந்தது. வருடக்கணக்காகத் தையலைப் பார்த்த பழக்கம் இல்லாமல் போயிருந்தால், ஓர் இலையின் ஓரத்தில் முடிச்சில்லாமல் நிற்கிற இழை என் கண்ணில் பட்டிருக்குமா? வேலை கொடுத்த கூர்மையை வைத்துக்கொண்டே, அது எதைத் தேட வேண்டும் என்பதை மாற்றிக்கொண்டேன்.

நூல் என்ற சொல் எங்கள் ஊரில் இரண்டு பொருளோடு புழங்குகிறது. நூல் விலை ஏறினால் டீக்கடையிலிருந்து ஏற்றுமதியாளர் ஆபீஸ் வரை அதே பேச்சு. மற்ற நூலைப் பற்றிப் பேச ஆள் குறைவு. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் சனகாபுரம், பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் என்பது கொங்கு நாட்டு வழக்கு. திருப்பூரிலிருந்து ஒரு பஸ் தூரம். அவர், புத்தகத்துக்கு ஏன் நூல் என்று பெயர் வந்தது என்பதை விளக்குகிற இடத்தில் ஒரு நூற்பு வேலையே நடக்கிறது. சொல்தான் பஞ்சு. பனுவல் இழை. புலவன் நூற்கிற பெண். வாய் அவள் கை. அறிவு கதிர். நூற்பவளைப் பெண்ணாகவே வைத்து, புலவனை அவள் இடத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். இலக்கணப் புத்தகத்தில் இதைப் படித்தபோது ஸ்பின்னிங் மில்லுக்கு ஷிப்ட் பஸ்ஸில் போய் வருகிற பெண்களின் முகங்கள் வரிசையாக வந்தன.

அடுத்து ஒரு நூலைக் காட்டுகிறார். அது தச்சரின் நூல். மரத்தில் கோட்டம் இருக்கிற இடத்தைக் காட்டி, செதுக்கி நேராக்க உதவுகிற நூல். புத்தகம் மனக்கோட்டத்தை அப்படித் தீர்க்கிறது என்கிறார். இந்த இடம் என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது. குறை காணும் கண்ணை நான் முழுக்கத் தள்ளிவிடப் பார்த்தேன். பவணந்தி அதை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். தச்சரும் குறையைத்தான் பார்க்கிறார். மரத்தைத் தூக்கி எறிவதற்காகப் பார்ப்பதில்லை.

*

இந்தக் கண் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் இயற்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் நேர்மையாக எழுத முடியாது. நொய்யலை மறந்துவிட்டுத் தையல்சிட்டை மட்டும் எழுதினால் அது பொய். என் பள்ளிக்கூட நாட்களில் ஓடைத் தண்ணீரைப் பார்த்தே இன்றைக்குச் சாயப்பட்டறையில் எந்தக் கலர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவோம். அது எங்களுக்கு ஒரு விளையாட்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேருகிற ஆறு, திருப்பூரைத் தாண்டும்போது சாயமாகப் போனது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தச் சாயநீர் தேங்கியது. அணை வேண்டாம் என்று விவசாயிகளே சொல்கிற நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதற்கு வெகு முன்பே சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ நாவலை எழுதிவிட்டார். சட்டம் ஒட்டுவதற்கு முன் இலக்கியம் அம்புக்குறியை ஒட்டியிருந்தது.

அதே நொய்யலைப் பற்றி வேறொன்றையும் புத்தகம்தான் சொன்னது. சென்னிமலைக்கு இந்தப் பக்கம் ஆற்றங்கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று பெயர் சொல்லி அதன் அணிகலன்களைப் புகழ்கிறது. தோண்டிப் பார்த்தபோது கல்மணிகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வந்தன. சாதாரணப் பானையில் தங்கள் பெயரைக் கீறி வைத்த தொழிலாளர் ஊர் அது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பும் இந்தத் தண்ணீர் கைவேலைக்காரர்களைத்தான் வளர்த்திருக்கிறது. இதைப் படித்த பிறகு பாலத்தைக் கடக்கும்போது துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்ப என்னால் முடியவில்லை. நலம் கெட்டுக் கிடக்கிற உறவினரைப் பார்ப்பதுபோல் நின்று பார்க்கிறேன்.

குறையைப் பார்த்துவிட்டு எறியாமல் நேராக்கியவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம், சர்க்கார் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளம். நல்லாற்றின் நீர் வந்து நிற்கிற 125 ஹெக்டேர் சொச்சம். ஊர்க்காரர்களும் பறவை ஆர்வலர்களும் வருடக்கணக்காகக் குப்பைக்கும் ஆக்கிரமிப்புக்கும் எதிராகப் பேசிப் பேசியே அது தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. 191 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியுள்ளன. இமயமலைக்கு மேலே பறந்து வரும் பட்டைத்தலை வாத்து பனிக்காலத்தில் அங்கே இறங்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் நின்று பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: திருப்பூருக்கு வெகுதூரத்திலிருந்து பிழைக்க வருகிறவர்களில் இவையும் உண்டு.

*

படித்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை படித்ததைத் திங்கட்கிழமை பிசிறு வெட்டிக்கொண்டே மேசையில் சொல்வேன். கை பாட்டுக்கு ஓடும், காதுக்கு வேலை இல்லையே! ஆர்.சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கதையைச் சொல்ல இரண்டு நாள் ஆனது. 1942-இல் வந்த கொங்கு நாவல். விதவையான நாகம்மாள், கொழுந்தனிடம் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அது கொலையில் போய் முடிகிறது. எனக்கு எதிரில் நின்று வேலை பார்த்தவள் தேனிப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது. டிரிம்மரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“பங்கு கேட்டது ஒரு தப்பாக்கா?”

மேசையில் இருந்த ஆறு பேரும் பதில் சொன்னோம். ஆறு பதில். அவரவர் வீட்டு வழக்கு அத்தனையும் அன்று நாகம்மாளின் பெயரில் வெளியே வந்தது. தன் கதையை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு, சொல்லிக்கொள்ள இன்னொருத்தியின் கதை தேவைப்படுகிறது.

கண்ணூரின் பீடித் தொழிலாளர்கள் இதை ஒரு முறையாகவே வைத்திருந்தார்கள் என்று பிறகு படித்தேன். ஒருவர் பத்திரிகையும் கதையும் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் அவர் பங்கு பீடியையும் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள். 1969-இல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவிலும் அந்த வழக்கம் தொடர்ந்தது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே மேடை போட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறவர் உண்டு. தொடக்கத்தில் அவருக்குக் கூலி தொழிலாளர் கையிலிருந்து வந்தது. கை உழைக்கும்போது மனம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பதைக் கூலிக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். உண்டதைப் பகிர்ந்தால் குறையும். படித்ததைப் பகிர்ந்தபோது எங்கள் மேசையில் அது ஆறாகப் பெருகியது.

அந்தத் தேனிப் பெண்ணைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தையல்சிட்டின் கூட்டை அவளுக்கும் காட்டியிருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். கூட்டுக்குள் குஞ்சுகளின் சத்தம் கேட்கத் தொடங்கிய வாரத்தில், ஷிப்மென்ட் லாரி திரும்ப இடம் போதவில்லை என்று சுவரோரச் செடிகளை வெட்ட ஆள் வரப்போவதாகப் பேச்சு வந்தது. மறுநாள் காலை நான் போனபோது வெட்டுகிறவர் அரிவாளோடு முன்பே வந்திருந்தார். ஓரத்துச் செடிகளெல்லாம் கீழே கிடந்தன. நாட்டுவாதுமைக் கன்று மட்டும் நின்றது. அவர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கிளையை விரலால் விலக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் அவர் கண் மட்டத்தில் ஏழெட்டு அம்புக்குறி ஸ்டிக்கர்கள். எங்கள் மேசையிலிருந்து போன அதே சிவப்பு. ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லா அம்பும் கூட்டைக் காட்டின.